இடது பின்சக்கரம்

தன் பட்டறையில் பழுது தீராத வண்டியைப் புருஷனின் அண்ணனான மூத்தார் அவளிடம் அனுப்புகிறார் என்றால் அதைத் திருட்டுத்தனமாகத்தான் அனுப்புவார். அதில்கூட ஒரு நேர்மை கிடையாது மனுஷனுக்கு. டாக்ஸி ஓட்டுகிற ஒருவனைப் பிடித்து, இன்னது சொல், இன்னது சொல்லாதே என்று பாடம் பண்ணி அனுப்பியிருந்தார். அவனும் வந்து ஒப்பித்தான்.

"நேரா வீட்டுலேருந்து வர்றேன்க்கா. எந்தப் பட்டறைக்கும் போகல. மீட்டர் போர்டுல ரெண்டு லைட்டு எரியுது, அவ்வளவுதான்."

முன்கண்ணாடியின் மூலையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஒரு கோடு கிழித்திருந்தது. 'வேலை பாக்கி' என்பதற்கு மூத்தார் போடும் குறி அது. அவளும் வருஷக்கணக்கில் அந்தக் குறியைப் பார்த்துத்தான் வண்டிகளைத் தொட்டிருக்கிறாள். வாய்க்குப் பாடம் பண்ணி அனுப்பியவருக்குக் கண்ணாடியைத் துடைத்து அனுப்பத் தோன்றவில்லை.

"சாவியை வச்சிட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வா" என்றாள். சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தத் தெருவில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'சுவத்துக்காரி' என்பார்கள். முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். டயர்க்கடைக்காரர் மட்டும் வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். ஆனால் அந்தப் பேரை வைத்த புண்ணியவானே அவர்தான். அந்தப் பேர் வந்த கதையை அவளைத் தவிர எல்லாருமே கிட்டத்தட்ட மறந்தாயிற்று. பேர் மட்டும் நின்றுவிட்டது.

அப்போது அவளும் அவள் வீட்டுக்காரரும் மூத்தாருடைய பட்டறையில்தான் இருந்தார்கள். மாமனார் விட்டுப்போன பட்டறை, அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. இரும்பு வேலை அவர்களுடையது. வயர் வேலை அவளுடையது. அவள் அப்பா பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியன். சோல்டரிங் வாசனையிலேயே வளர்ந்தவள். ஒருநாள் ஒரு மருந்துக்கடைக்காரரின் கார், இடது பின்சக்கரத்தில் இரைச்சல் என்று வந்தது. பேரிங் மாற்றினார்கள். இரைச்சல் போயிற்று, பதிலுக்கு மீட்டர் போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு வந்து உட்கார்ந்தது. கூடவே கார் வழுக்குவது மாதிரி படம் போட்ட இன்னொரு விளக்கும்.

இந்த இரண்டு விளக்குகளும் எப்போதும் ஜோடி போட்டுக்கொண்டுதான் வரும். ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று அது பிரேக்கைக் கவனிக்கிற கன்ட்ரோல் பெட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். திடீரென்று பிரேக்கை மிதித்தால் எந்தச் சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்கிறதோ, அதைப் பெட்டி நொடிக்குள் தளர்த்திவிடும், வண்டி வழுக்காது. நாலில் ஒன்று பேசாமல் இருந்துவிட்டால் போதும், பெட்டி கோபித்துக்கொண்டு வேலையையே நிறுத்திவிடும். சாதாரண பிரேக் பிடிக்கும். ஈர ரோட்டில் காப்பாற்ற மட்டும் ஆள் கிடையாது. அந்த விளக்குகளுக்கு அதுதான் அர்த்தம்.

அவள் சென்சாரை மாற்றினாள். வயரை மாற்றினாள். விளக்கு அணைந்தபாடில்லை. "வண்டியைக் குடுக்காதீங்க மாமா, நாளைக்கும் ஒரு தடவை பார்க்கிறேன்" என்று சொன்னாள். "பிரேக் பிடிக்குதுல்ல? வெறும் லைட்டுதானேம்மா" என்று மூத்தார் வண்டியைக் கொடுத்துவிட்டார். அன்றைக்கே மழை. குறுக்கே ஒரு சைக்கிள் வந்திருக்கிறது. மருந்துக்கடைக்காரர் மிதித்த மிதியில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, கார் வழுக்கிக்கொண்டே போய் ஒரு காம்பவுண்டு சுவரில் முட்டி நின்றது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது.

மறுநாள் அவருடைய சொந்தபந்தம் எல்லாம் பட்டறை வாசலில் திரண்டது. தெருவே கூடிவிட்டது. மூத்தார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கை நீட்டி அவளைக் காட்டினார்.

"பேரிங் நான் போட்டது. என் பட்டறைப் பேரிங்ல குறை வராது. வயர்ல கை வச்சது இவதான். பொம்பளைப் பிள்ளை ஆசைப்படுதேன்னு விட்டேன். அது என் தப்பு."

அவள் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அவளோடு வெளியே வந்துவிட்டார். பேசத் தெரியாத மனுஷன், செய்து காட்டிவிட்டார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அந்த ஒன்றுக்காகவே அவரை ஒரு சொல் கேட்டதில்லை.

தெருவின் மறுகோடியில் சின்னதாக ஒரு கடை போட்டார்கள். ஹாரன், பேட்டரி, ஹெட்லைட். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் யாரும் அவளிடம் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்தாலும், "சும்மா ஸ்கேனர் மட்டும் போட்டுப் பார்த்துச் சொல்லுக்கா, கை வைக்க வேண்டாம்" என்பார்கள். கை வைக்க வேண்டாம்!  மூத்தார் தெருவில் நடந்துபோனால், டெஸ்ட் பண்ணுகிற சாக்கில் லாரி ஹாரனை அவர் முதுகுக்குப் பின்னால் நீளமாக அடிப்பாள். அவர் துள்ளி விழுவார். அன்றைக்கு மட்டும் இரண்டு பிடி கூடுதலாகச் சோறு இறங்கும்.

ஆனால் ஹாரனோடு தீருகிற ஆத்திரமா அது? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்தத் தெருவில் நின்று சொன்னாரோ அதே தெருவில், எந்த ஜனங்களுக்கு முன்னால் சொன்னாரோ அதே ஜனங்களுக்கு முன்னால், 'தப்பு இவளுடையது இல்லை' என்று மூத்தார் தன் வாயால் சொல்ல வேண்டும். மென்று முழுங்கி, முகம் செத்து, நாக்குக் குழறிச் சொல்ல வேண்டும். அவள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அதற்கு வழி, இதோ, வாசலில் வந்து நிற்கிறது.

அவள் ஸ்கேனரைச் செருகினாள். திரையில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எண்கள். டிரைவர் டீ குடித்துவிட்டு வந்ததும் அவனை ஓட்டச் சொல்லித் தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தாள். மூன்று எண்கள் ஏறி இறங்கின. நான்காவது பூஜ்யத்தைவிட்டு அசையவே இல்லை. இடது பின்சக்கரம்.

 மருந்துக்கடைக்காரர் காரும் இதே ரகம். அதிலும் இதே சக்கரம்.

"இதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தாங்க, மறைக்காம சொல்லு."

அவன் தலையைச் சொறிந்தான். "பேரிங் மாத்தினாங்கக்கா. அதுக்கப்புறம்தான் லைட்டு. சென்சார் போட்டாங்க, வேற கம்பெனி சென்சார் போட்டாங்க, வயர் போட்டாங்க. கடைசியா அந்தப் பெட்டியையே மாத்தினாங்க. எங்க டாக்ஸி முதலாளி பட்டறைப் பெரியவரைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டாரு. எல்லா வண்டியையும் வேற இடத்துக்குக் கொண்டுபோறேன்னு நிக்கிறாரு."

"எந்தப் பட்டறைக்கும் போகலன்னு சொன்னியே?"

அவன் பல்லைக் காட்டினான்.

ஒரு விளக்கு எரிந்தால் முதலில் விளக்கு சொல்வதை நம்பக் கூடாது. விளக்குக்கு யார் சொன்னது என்று பின்னால் போக வேண்டும். அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் வண்டியைத் தூக்கி நிறுத்தினாள். இடது பின்சக்கரத்து சென்சாரைக் கழற்றி, வயரோடு இழுத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த ஒரு காந்தத்தை அதன் முன்னால் வேகமாக ஆட்டினாள். திரையில் எண் குதித்தது. சென்சாருக்கு உயிர் இருக்கிறது. வயரும் சரி, பெட்டியும் சரி. அப்படியானால் அது சொல்லாமல் இல்லை. சொல்வதற்கு அதற்கு எதுவும் கிடைக்கவில்லை.

சென்சாரைக் கழற்றிய இடத்தில் ஒரு விரல் நுழையாத சின்ன ஓட்டை. டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே பேரிங்கின் முகம் வழுவழுவென்று தெரிந்தது. வலது பக்கத்து சென்சாரையும் கழற்றி அந்த ஓட்டையில் பார்த்தாள். அங்கேயும் அதே வழுவழுப்புதான். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே குந்தி உட்கார்ந்திருந்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, அதை ஒரு நூலில் கட்டி, வலது பக்க ஓட்டைக்குள் விட்டாள். உள்ளே போன ஊக்கு 'டிக்' என்று ஒட்டிக்கொண்டது. இழுத்தால் வர மறுத்தது. நூலைச் சுண்டி எடுத்து, இடது பக்க ஓட்டைக்குள் விட்டாள். ஊக்கு தொங்கியது. ஆட்டினாலும் சும்மா தொங்கியது.

இந்த ரகக் காரில் பேரிங்கின் ஒரு முகத்தில் காந்தம் உண்டு. சென்சார் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கும். காந்த முகம் உள்ளே, சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். பழைய வண்டிகளின் பேரிங்குக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். காலங்காலமாக இந்தத் தெருவில் எப்படிப் போட்டாலும் ஓடியிருக்கிறது. அதே கையால், அதே நினைப்பில், இதையும் போட்டிருக்கிறார்கள். காந்தம் யாருக்கும் உபயோகமில்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. சென்சார் வெறும் இரும்பைப் பார்த்து முழித்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கும் இதுதான் நடந்திருக்கிறது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை காலமாக, வெளியே யாரிடமும் சொல்லாமல், உள்ளுக்குள் ஒரு மூலையில் அவளுக்கே ஒரு சந்தேகம் இருந்தது. ஒருவேளை நான்தான் எதையோ விட்டுவிட்டேனோ? படுக்கையில் புரண்டு புரண்டு அந்த வயரை ஒவ்வொரு இணைப்பாக மனதுக்குள் தடவிப் பார்த்திருக்கிறாள். வயர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. 'என் பட்டறைப் பேரிங்ல குறை வராது' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாரே, அந்தப் பேரிங்! கண்ணீர் வந்தது. அதை முழங்கையால் துடைத்தபோது கிரீஸ் முகமெல்லாம் அப்பியது. அவள் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் இரண்டடி தள்ளி நின்றான்.

"வண்டியைக் கொண்டுபோய் விட்டுட்டுப் பட்டறைப் பெரியவர்கிட்ட சொல்லு" என்றாள். "குறையைக் கண்டுபிடிச்சாச்சு. என்னன்னு இங்க சொல்ல மாட்டேன். சரி பண்ண, அழுத்தித் தள்ளுற பிரஸ் மெஷின் வேணும், அது அவர்கிட்டதான் இருக்கு. நானே அங்க வர்றேன். தெருவுல எல்லாரும் கூடி நிக்கும்போதுதான் திறப்பேன். உங்க முதலாளியும் இருக்கணும். இதுக்கு ஒத்துக்கிட்டா வர்றேன். இல்லேன்னா லைட்டைப் பார்த்துக்கிட்டே ஓட்டுங்கன்னு சொல்லு."

சாயங்காலம் வீட்டுக்காரருக்குச் சோறு போட்டுக்கொண்டே அவள் விஷயத்தை அவிழ்த்தாள். வார்த்தை வாயில் நிற்கவில்லை, கொட்டியது. "உங்கண்ணன் மாட்டிக்கிட்டாருங்க! கையும் களவுமா மாட்டிக்கிட்டாரு! பேரிங்கைத் தலைகீழாப் போட்டிருக்காரு. மருந்துக்கடைக்காரர் வண்டியிலயும் இதேதான். சத்தியமா இதேதான்!"

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது.

"தலைகீழான்னா? ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

"ஒண்ணு இல்ல. எப்படின்னு இப்ப சொல்ல மாட்டேன். அங்க வந்து எல்லாரோடவும் சேர்ந்து பாருங்க." அந்தக் காட்சியை அவள் அப்பளத்தைப் போல உடையாமல் பொத்தி வைத்திருந்தாள், வீட்டுக்குள் வைத்து வீணடிக்க மனசில்லை.

அவர் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தார். பிறகு மெதுவாக, "விட்டுடேன்" என்றார். "உனக்குத் தெரிஞ்சு போச்சில்ல. மனசு ஆறிடுச்சில்ல. அண்ணனுக்கும் வயசாச்சு. நாலு பேர் முன்னாடி..."

"என்னை எத்தனை பேர் முன்னாடி சொன்னாரு?"

 அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். "அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாமியார் மூத்தாரோடுதான், பட்டறைக்குப் பின்னாலிருக்கும் வீட்டில் இருந்தார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அதில் அவள் குறுக்கே நின்றதில்லை. அவளுடைய சண்டை மூத்தாரோடு. பெற்ற தாயோடு என்ன சண்டை? அண்ணன் என்றதும் மனசு இளகுகிறது பாவம், என்று நினைத்துக்கொண்டு தட்டை எடுத்தாள்.

காலையில் கடை திறக்கும்போதே மூத்தாரின் பட்டறை ஆள் வந்துவிட்டான். பெரியவர் வரச் சொல்கிறார். நீ கேட்டபடியே எல்லாரும் இருப்பார்கள்.

இவ்வளவு சுலபமாகவா? அவள் இரண்டு நாளாவது இழுபறி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். இரண்டு நாளுக்கும் ஏச்சும் பேச்சும் தயாராக வைத்திருந்தாள். டாக்ஸி முதலாளி கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்கியிருப்பார் என்று முடிவு கட்டிக்கொண்டு, ஸ்கேனர் பெட்டியைத் தூக்கினாள். வீட்டுக்காரரும் கூடவே வந்தார்.

பட்டறைக்குள் கால் வைத்தாள். எண்ணெய் ஊறிய அதே தரை, மரத்தூள் தூவிய அதே வாசல். சுவரில் ஸ்பேனர்களின் வடிவத்தைப் பெயிண்டால் வரைந்து வைத்திருக்கும் பலகையும் அதே பலகைதான். ஆனால் பிரஸ் இருந்த மூலையில் இப்போது கம்ப்ரஸர் நின்றது. புதுசாக ஒரு பிரஸ் வாங்கி, உள்ளே தள்ளி, ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள். டாக்ஸி முதலாளி வந்திருந்தார். டிங்கரிங்காரர், பெயிண்டர், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். டயர்க்கடைக்காரர் வேடிக்கை பார்க்க நாற்காலியே கொண்டுவந்திருந்தார். மூத்தார் சலவைச் சட்டையில் ஓரமாக நின்றார். அவளைப் பார்த்ததும், "வாம்மா" என்றார். குரலில் காரமே இல்லை.

சக்கரத்தைக் கழற்றி, பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டை மெக்கானிக்குகள் இறக்கினார்கள். வெளிப்பக்கம் எது என்று எல்லாரும் பார்க்கும்படி, பேரிங்கின் முகத்தில் மஞ்சள் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தாள். வீட்டுக்காரர் கூட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரத்து பிரஸ்ஸுக்குப் போனார். அதன் வால்வைச் சுத்தியல் பிடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பம்ப் அடித்தார். பழைய பேரிங் 'டொப்' என்று விழுந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, கூட்டின் உட்புறத்தை உப்புத்தாளால் தேய்க்கிறேன் என்று மறுபடி பிரஸ் பக்கமே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

அவள் பேரிங்கைத் தூக்கிப் பிடித்தாள்.  ஒரு டப்பா குண்டூசி கொண்டுவந்திருந்தாள். சென்சாரைப் பார்த்து உட்கார்ந்திருந்த முகத்தின் மேல் ஒரு பிடி ஊசியைக் கொட்டி, கவிழ்த்தாள். எல்லாம் பொலபொலவென்று தரையில் கொட்டின. பேரிங்கைத் திருப்பினாள். மஞ்சள் பொட்டு வைத்த முகத்தில் இன்னொரு பிடியைக் கொட்டிக் கவிழ்த்தாள். ஒரு ஊசிகூட விழவில்லை. வட்டமாக, முள்ளம்பன்றி மாதிரி நட்டுக்கொண்டு நின்றன.

"அட!" என்றார் டயர்க்கடைக்காரர், நாற்காலியிலிருந்து எழுந்து.

"காந்தம் இந்தப் பக்கம். சென்சார் அந்தப் பக்கம்" என்றாள். "பெட்டியை மாத்தினா என்ன, வண்டியையே மாத்தினா என்ன? பேரிங்கைத் தலைகீழாப் போட்டா லைட்டு எரியத்தான் செய்யும். வயர்ல ஒரு குறையும் இல்ல." மூத்தாரின் பக்கம் திரும்பினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க எத்தனையோ கேள்விகளை வருஷக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். இப்போது ஒன்றுதான் வந்தது. "இது யாரு போட்டது மாமா?"

"நான்தான்."

"மருந்துக்கடைக்காரர் வண்டிக்கு?"

"அதுவும் நான்தான்." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கங்க. அன்னைக்கு அந்த வண்டி சுவத்துல மோதினதுக்கு இந்தப் பொண்ணு காரணம் இல்ல. வண்டியைக் குடுக்காதீங்கன்னு இவ சொன்னா. நான் கேக்கல. பேரிங்கைத் தப்பாப் போட்டதும் நான், பழியை இவ தலையில கட்டினதும் நான். இனிமே யாராவது இவளை அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, என்னைக் கூப்பிட்டதா அர்த்தம்."

 டயர்க்கடைக்காரர் தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டார்.

கிடைத்துவிட்டது. ஒரு வார்த்தை குறையாமல், கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.  சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் மென்று முழுங்கவில்லையே, நாக்குக் குழறவில்லையே என்று ஒரு சின்னக் குறை. மனப்பாடம் பண்ணிய பிள்ளை மாதிரி மளமளவென்று சொல்லி முடித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் துடித்திருக்கலாம்.

"சரிப்பா, புதுசைப் போட்டு வண்டியைக் குடுங்க" என்றார் டாக்ஸி முதலாளி. ஜனங்கள் கலையத் தொடங்கினார்கள்.

அவள் பிரஸ் பக்கம் போனாள். வீட்டுக்காரர் கண்கள் சிவந்திருந்தன. அண்ணன் தலைகுனிந்ததைத் தாங்கமாட்டாமல் அழுகிறார் என்று நினைத்தாள். அவர் அட்டைப்பெட்டியைத் திறந்து புதுப் பேரிங்கை எடுத்தார். பார்வை எங்கேயோ இருந்தது. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்தது. குனியாமலே பெஞ்சுக்கு அடியிலிருந்த டப்பாவில் கையைவிட்டு, பேரிங்கை அழுத்துவதற்குச் சரியான அளவு வளையத்தை எடுத்தார். பேரிங்கை உருட்டி, அதில் அச்சடித்திருந்த நம்பர் மேலே தெரிகிற மாதிரி கூட்டின் மேல் வைத்தார். வளையத்தை அதன்மேல் பொருத்தினார். வால்வை ஒரு தட்டுத் தட்டினார். பம்பில் கை வைத்தார்.

பழைய பேரிங்கில் அவள் பார்த்தபடி, நம்பர் இருந்த பக்கம்தான் காந்தப் பக்கம். அது வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்பவும் இப்படித்தான் வைப்பீங்களா?" என்று கேட்டாள். வேலைக் கேள்வியாகத்தான் கேட்டாள்.

"நம்பர் மேல தெரியணும்ல. எப்பவும் அப்படித்தான்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"டேய் தம்பி! திருப்பிப் போடுறா!" பின்னாலிருந்து மூத்தாரின் குரல் பதறியடித்துக்கொண்டு வந்தது. சற்று முன்னால் கூட்டத்தின் முன்னால் ஒரு பிசிறில்லாமல் பேசிய அதே குரல். இப்போதுதான் அது குழறியது.

அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. பிரஸ் புதுசு. அவர்கள் வெளியே வந்த பிறகு வாங்கியது. அதன் வால்வு ஒட்டிக்கொள்ளும் என்று இவருக்கு எப்படித் தெரியும்? எந்த டப்பாவில் எந்த வளையம் என்று பார்க்காமலே எப்படிக் கை போகிறது? வாரத்தில் இரண்டு மூன்று நாள். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன். அன்றைக்கும் சரி, இப்போதும் சரி, பேரிங் போட்ட கை இவருடையதுதான்.

தெரியாமல் தலைகீழாகப் போட்டது ஒரு தப்பா? யாருக்கும் வரும். இந்தத் தெருவில் எவன் போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பான். வந்து சொல்லியிருந்தால், இரண்டு திட்டுத் திட்டிவிட்டு விட்டிருப்பாள். ஆனால் நேற்றுச் சோற்றுத் தட்டின் முன்னால் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் யாரிடம் ஓடினார்? அண்ணனிடம். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, யார் என்ன சொல்வது என்று தீர்மானித்திருக்கிறார்கள். அன்றைக்குத் தம்பியைக் காப்பாற்ற அவளைக் கொடுத்தார் அண்ணன். இன்றைக்குத் தம்பியைக் காப்பாற்றத் தன்னையே கொடுத்துவிட்டார். தம்பி இரண்டு தடவையும் வாயை மூடிக்கொண்டு நின்றார். அண்ணனுக்குத் தம்பி, தம்பிக்கு அண்ணன். அவளுக்கு யார்?

எள்ளும் கொள்ளும் வெடிக்கிற கோபத்தையெல்லாம் இத்தனை வருஷமாக ஒருவர் மேல் கொட்டிக்கொண்டிருந்தாள். இன்னொருவருக்குச் சுடச்சுடச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

மூத்தார் அவள் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் பேசினார். "நீ கேட்டது கிடைச்சிடுச்சும்மா. நான் சொல்லிட்டேன்ல. இதோட விட்டுடு. உன் கால்ல வேணும்னாலும் விழறேன். அவன் தாங்க மாட்டான்."

"நான் தாங்கினேனே மாமா."

"அது... நீ தைரியசாலிம்மா."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு மிச்சமிருந்த இரக்கமும் போயிற்று. பிரஸ்ஸிலிருந்து பேரிங்கை எடுத்து, புருஷனின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, பட்டறையே அதிர்கிற குரலில் கூப்பிட்டாள்.

"யாரும் போகாதீங்க! டயர்க்கடை அண்ணே, நாற்காலியைக் கீழ வைங்க. இன்னும் ஒருத்தர் பேச வேண்டியிருக்கு."

போனவர்கள் திரும்பி வந்தார்கள். டாக்ஸி முதலாளி பாதி ஏறிய வண்டியிலிருந்து இறங்கினார். அவள் எல்லாரும் வந்து நிற்கிறவரை காத்திருந்தாள். வீட்டுக்காரர் அவளைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ம். பேசு" என்றாள்.